கிரிப்டோ பணமாகுமா? தொடக்கக்கால நம்பிக்கைகளும் ஐயங்களும்: ஒரு மறுபார்வை

கேள்வியும் களமும்

பணத்தைப் பணமாக்குவது எது என்பது பழைய கேள்வி. காசுக்குள் இருக்கும் பொன்னா, அதன்மேல் முத்திரை குத்தும் அரசா, மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் மக்களின் வழக்கமா என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடந்துவருகிறது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான 9 பக்கக் கட்டுரை இந்த வாதத்துக்குள் புதிய தரப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பொன் வேண்டாம், அரசு வேண்டாம், வங்கியும் வேண்டாம். எவரும் சரிபார்க்கக்கூடிய பொதுக் கணக்கேடு ஒன்று இருந்தால் பணம் இயங்கும் என்றது அது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் வலைப்பின்னல் செயல்படத் தொடங்கியது.

தொடர்ந்து எழுந்த உற்சாகமும் ஐயமும் இன்று விலை ஏற்ற இறக்கச் செய்திகளுக்கு அடியில் மறைந்துகிடக்கின்றன. எவ்வளவுக்கு வாங்கலாம், எப்போது விற்கலாம் என்ற பேச்சில், இது பணமா என்ற முதல் கேள்வி நழுவிவிட்டது. அந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒவ்வொரு விடையையும் சோதித்துப் பார்க்க நாமக்கல் மாவட்டத்தின் புதுச்சத்திரம் வட்டாரம் பொருத்தமான களம். பணம் செய்யவேண்டிய மூன்று வேலைகளை இங்கே அருகருகே காணலாம். புதன்சந்தை மாட்டுச்சந்தையில் கேரள வியாபாரியும் உள்ளூர் விவசாயியும் தரகரை நடுவில் வைத்துப் பேசி முடிக்கிறார்கள். கயிறு கைமாறும்போது ரொக்கமும் கைமாறிக் கணக்கு அத்தோடு தீர்கிறது. கோழிப் பண்ணையில் தீவனம் கடனுக்கு இறங்கும். முட்டை விற்ற பிறகு, இரண்டின் விலையையும் ஒரே அலகில் வைத்துப் பாக்கி கழியும். லாரி வாங்கியவர் பல ஆண்டுகளுக்குத் தவணை கட்டுவார். உடனே தீர்க்கும் கருவி, விலை சொல்லும் அலகு, நீண்ட காலக் கடனின் அளவுகோல் என்ற மூன்றுமாக இருந்தால்தான் ஒன்றை முழுமையான பணம் எனலாம்.

மூன்று பழைய விடைகள்

முதல் விடை, பணம் சந்தையில் தானாக முளைத்தது என்பது. ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர் 1892இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார். பண்டமாற்றில் எது எளிதாக விலைபோகிறதோ அதையே எல்லோரும் வாங்கிவைக்கத் தொடங்குகிறார்கள். காலப்போக்கில் அது பணமாகிவிடுகிறது. அரசு பின்னால் வந்து முத்திரை வைக்கிறது, அவ்வளவுதான். லுட்விக் வான் மிசஸ் 1912இல் இதை நீட்டித்து, பணமாகும் முன்பே அப்பொருளுக்கு வேறொரு பயன் இருந்திருக்க வேண்டும் என்றார்.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. ஜெர்மானிய அறிஞர் கேயார்க் ஃபிரீட்ரிக் நாப் 1905இல் வெளியிட்ட நூலில், பணம் அரசின் படைப்பு என்றார். அரசு தன் கருவூலத்தில் எதை வரியாக ஏற்கிறதோ அதுவே பணம். அது பொன்னாக இருந்தாலும் காகிதமாக இருந்தாலும் வேறுபாடில்லை. மூன்றாவது விடையை ஆல்ஃபிரட் மிட்செல் இன்னஸ் 1913இல் முன்வைத்தார். அவர் பார்வையில் பணத்தின் தோற்றம் பண்டமாற்றில் இல்லை, கடனில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கே முதலில் வந்தது. காசு அந்தக் கணக்கின் அடையாளம் மட்டுமே.

மூன்றுக்கும் கொங்கு மண்ணில் சான்று தேடலாம். மூன்றுமே அந்தச் சோதனையில் ஓரளவு தடுமாறும். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் கொங்குப் பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ரோமின் அதிகாரம் இங்கே செல்லவில்லை. ரோமுக்கு இங்கே யாரும் வரி கட்டவும் இல்லை. அப்படியிருந்தும் காசுகள் வந்து சேர்ந்தன. இது மெங்கருக்குச் சாதகமாகவும் நாப்புக்குப் பாதகமாகவும் தெரிகிறது. ஆனால் அவை இங்கே பணமாகப் புழங்கினவா, வெறும் உலோகமாக நிறுத்து வாங்கப்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ஏறத்தாழ 500 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்தின் குறுக்கே வெட்டுக்கோடு இருந்தது. பொன்னின் தரம் பார்க்க வெட்டினார்களா, காசாகச் செல்லாது என்று காட்ட வெட்டினார்களா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அந்நியக் காசு ஒன்று ஓர் ஊருக்குள் மதிப்போடு வந்துசேர்வது வேறு, அங்கே பணமாவது வேறு என்பதை மட்டும் இதிலிருந்து எச்சரிக்கையோடு சொல்லலாம்.

நம்பிக்கையின் வேர்கள்

பிட்காயின் ஆதரவாளர்களின் நம்பிக்கை 2008இல் திடீரென்று பிறந்ததல்ல. அதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று பொருளியல் சார்ந்தது. பொருளியலாளர் ஃபிரீட்ரிக் ஹாயெக் 1976இல், பணம் வெளியிடும் ஏகபோகத்தை அரசிடமிருந்து எடுத்துவிட்டு, தனியார் நாணயங்கள் போட்டியிடட்டும் என்று வாதிட்டார். அரசின் கையில் அச்சகம் இருக்கும்வரை பணவீக்கம் ஓயாது என்பது அவர் கவலை. ஜிம்பாப்வே தன் டாலரை 2009இல் கைவிட நேர்ந்தது அந்தக் கவலை கற்பனையல்ல என்று காட்டியது.

இன்னொரு வேர் கணினியியல் சார்ந்தது. டேவிட் சாம் 1989இல் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம், ரொக்கத்தைப் போலவே செலவழிப்பவரின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்காத மின்பணத்தை உருவாக்கியது. 1998இல் அது திவாலானது; நிறுவனம் போனதும் பணமும் போயிற்று. அதே ஆண்டில் வெய் டாய் முன்வைத்த பி-மணி, நிக் ஸாபோவின் பிட் கோல்ட் போன்ற யோசனைகள் நடுவில் நிறுவனமே இல்லாத முறையைத் தேடின. எல்லாவற்றுக்கும் ஒரே தடை இருந்தது. கணினிக் கோப்பைப் பிரதியெடுக்கலாம். அப்படியானால் ஒரே காசை இருவருக்குக் கொடுப்பதை யார் தடுப்பது?

நகமோட்டோவின் சாதனை இந்தத் தடையைக் கடந்ததுதான். பரிவர்த்தனைகள் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டாகச் சேர்க்கப்படுகின்றன. கடினமான கணக்குப் புதிரை முதலில் விடுவிக்கும் கணினி அந்தக் கட்டைப் பொதுக் கணக்கேட்டில் பதிந்து, புதிய நாணயத்தைக் கூலியாகப் பெறுகிறது. பழைய பதிவைத் திருத்த நினைப்பவர் அதன் பின்வந்த எல்லாப் புதிர்களையும் மறுபடி போடவேண்டும். அதற்கான மின்செலவே காவலாக நிற்கிறது. மொத்த நாணயங்களின் எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாது. தொடக்கத்தில் ஒரு கட்டுக்கு 50 நாணயமாக இருந்த கூலி, ஏறத்தாழ 4 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது.

முதல் கட்டுக்குள், பிரிட்டன் அரசு வங்கிகளை இரண்டாம் முறை கைதூக்கிவிடப்போகிறது என்ற அன்றைய செய்தித்தாள் தலைப்பு பொதிந்துவைக்கப்பட்டது. வங்கிகள் நொடித்த நேரத்தில் பிறந்த திட்டம் அது என்பதை மறக்கக் கூடாது. 2010 மே 22 அன்று அமெரிக்காவில் 10,000 பிட்காயினுக்கு இரண்டு பீட்சா வாங்கப்பட்டது. இன்று அது இழப்பாகப் பேசப்படுகிறது. அன்றைய ஆர்வலர்களுக்கோ தங்கள் நாணயத்தைக் கொடுத்து நிஜப் பொருள் ஒன்றைப் பெற முடியும் என்பதற்கான சான்றாக இருந்தது. பணமாக வேண்டுமானால் செலவழிக்கப்பட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தத் தரப்பின் நியாயம் புதுச்சத்திரம் பக்கத்திலும் விளங்கும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே நாளில் செயலிழந்தது. ரொக்கத்தை நம்பிய சந்தைகளில் வியாபாரம் படுத்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி எடுத்துச்செல்லும் பணத்தைப் பறக்கும் படையினர் பறிமுதல் செய்யலாம். இரண்டு மாடு விற்றால் அந்த வரம்பு தாண்டிவிடும். தன் கையிலுள்ள பணத்தின்மீது தனக்குள்ள உரிமை எவ்வளவு என்ற கேள்வி, எங்கோ இருக்கும் கணினி ஆர்வலரின் கேள்வி மட்டும் அல்ல.

நான்கு ஐயங்கள்

ஐயங்கள் வெளியாட்களிடமிருந்து மட்டும் வரவில்லை. முதல் ஐயம் கொள்ளளவு பற்றியது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எல்லாக் கணினிகளும் பதிந்துவைத்தால், தேவையான அளவுக்கு இது விரியுமா என்பது கட்டுரை வெளிவந்த நாட்களிலேயே எழுந்த கேள்வி. பிட்காயினின் அடிப்படை வலைப்பின்னல் வினாடிக்கு 7 பரிவர்த்தனை அளவிலேயே தாங்கும். முதல் பிட்காயின் பரிமாற்றத்தைப் பெற்றவரான ஹால் ஃபின்னியே 2010இல், பிட்காயினை இருப்பாக வைத்துக்கொண்டு தங்கள் சொந்தப் பணத்தை வெளியிடும் வங்கிகள் தேவைப்படும் என்று கருதினார். வங்கியைத் தவிர்க்கப் பிறந்தது வங்கியிடமே திரும்ப நேரும் என்பதைத் தீவிர ஆதரவாளர் ஒருவர் அப்போதே கண்டிருக்கிறார்.

இரண்டாவது ஐயம் அலகு பற்றியது. நிதியியல் பேராசிரியர் டேவிட் யெர்மாக் 2013இல், பிட்காயின் நாணயத்தைப் போலன்றி ஊக முதலீட்டைப் போல நடந்துகொள்கிறது என்று வாதிட்டார். நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை காசுக் கணக்கில் அறிவிக்கப்படுகிறது. 5 காசு ஏறினாலும் இறங்கினாலும் செய்தி. அந்தச் சிறு வேறுபாட்டில்தான் பண்ணையாளரின் லாபமும் நட்டமும் நிற்கின்றன. அளவுகோலே ஒரு நாளில் பத்திலொரு பங்கு நீண்டு குறுகுமானால், மாறியது முட்டையின் விலையா கோலின் நீளமா என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஆதரவாளர் தரும் பதில்: பயனர் பெருகினால் விலை நிலைப்படும். பதினைந்து ஆண்டுக்கு மேலான அனுபவத்தில் ஏற்ற இறக்கம் தொடக்க ஆண்டுகளைவிடத் தணிந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்ட விலை ஓராண்டில் 16,000 அளவுக்குச் சரிந்தது.

மூன்றாவது ஐயமே மிக ஆழமானது. அளவு கட்டுப்பட்ட பணத்தில் கடன் என்ன ஆகும்? 2013 ஜனவரியில் ஒரு பிட்காயின் சுமார் 13 டாலர். நவம்பர் இறுதியில் 1,000 டாலரைத் தாண்டியது. ஜனவரியில் பிட்காயின் கணக்கில் லாரிக் கடன் வாங்கியிருந்தால், ஆண்டு முடிவதற்குள் கடன் சுமை எழுபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். லாரி வாடகையோ அதே ரூபாயில்தான் வந்திருக்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. பணம் இறுகினால் கடனாளிக்கு என்ன நேரும் என்பதைத் தமிழகக் கிராமங்கள் 1930களில் கண்டிருக்கின்றன. 1927 சட்டப்படி ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருந்தது. உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தபோதும் அரசு அந்த விகிதத்தைத் தளர்த்தவில்லை. விளைச்சலின் விலை இறங்கியது. பத்திரத்தில் எழுதிய கடன் இறங்கவில்லை. 1931க்குப் பிறகு இந்தியக் குடும்பங்களின் நகைகள் உருகி, பெருமளவு தங்கம் நாட்டைவிட்டு வெளியேறியது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் நிறுவிய ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டியை அது தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக அறிவித்தது. பணத்தின் அளவை எந்த அரசும் தொட முடியாதபடி பூட்டிவைப்பது சேமிப்பவருக்குப் பாதுகாப்பு; கடன்பட்டவருக்கோ நிவாரணத்தின் ஒரு கதவு அடைபடுகிறது. தொடக்கக்கால ஆதரவாளர்கள் இந்த இரண்டாம் பாதியைப் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

நான்காவது ஐயம் காவலும் திருத்தமும் பற்றியது. சாவி எண்ணைத் தொலைத்தால் நாணயம் மீளாது; தவறிய முகவரிக்கு அனுப்பினால் திரும்பாது. இந்தப் பயத்தால் பெரும்பாலோர் பரிவர்த்தனை நிறுவனங்களிடம் நாணயத்தை விட்டுவைத்தார்கள். டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் சரிந்தபோது சுமார் 8.5 லட்சம் பிட்காயின் காணாமல் போனதாகச் சொல்லப்பட்டது. அதில் ஒரு பகுதியே பிறகு கிடைத்தது. இந்தியாவின் வாசிர்எக்ஸ் 2024 ஜூலையில் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை இணையத் திருடர்களிடம் இழந்தது. ரூபாயில் ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் அழைத்து, எதிர்க்கணக்கை முடக்கக் கேட்கவாவது வழியிருக்கிறது. யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்ற வாக்குறுதி, நடைமுறையில் அறிமுகமில்லாத இடைத்தரகரை நம்புவதாக முடிந்தது.

இந்திய அரசும் நீதிமன்றங்களும்

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்கள் பற்றி ரிசர்வ் வங்கியின் முதல் எச்சரிக்கை 2013 டிசம்பர் 24 அன்று வந்தது. 2018 ஏப்ரல் 6 அன்று, கிரிப்டோ வணிகர்களுக்குச் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்கு அது உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்துசெய்தது. தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு இத்துறையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உண்டு, ஆனால் தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு நேர்ந்த கேடு எதையும் காட்டாமல் இவ்வளவு கடுமையாக நடக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கிரிப்டோவைப் பணம் என்று அது அங்கீகரிக்கவில்லை. இந்த வேறுபாடு அன்றைய கொண்டாட்டத்தில் பலருக்குத் தவறிவிட்டது.

2022 நிதிச் சட்டம் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு பிடித்தமும் விதித்தது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் இடமில்லை. அந்த வரியையும் ரூபாயில்தான் கட்டவேண்டும். அரசு எதை வரியாக ஏற்கிறதோ அதுவே பணம் என்ற நாப்பின் அளவுகோலை வைத்தால், இந்தியாவில் விடை ஐயமற்றது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வாசிர்எக்ஸ் முதலீட்டாளர் ஒருவரின் வழக்கில், கிரிப்டோ தொட்டுணரக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல; ஆனால் அனுபவிக்கவும் வைத்திருக்கவும் பிறருக்காகப் பொறுப்பேற்றுக் காக்கவும் கூடிய சொத்து என்றார். பயனருக்கு இது முக்கியமான பாதுகாப்பு. சொத்து என்றால் பிறர் இழப்பை ஈடுகட்ட அதை எடுத்துப் பங்கிட முடியாது என்று வாதிட வழி பிறக்கிறது.

பின்வந்த இடைவழிகள்

ஐயங்களுக்கு விடையாக மூன்று முயற்சிகள் வந்தன. டாலரோடு மதிப்பைக் கட்டிய ஸ்டேபிள்காயின்கள் அலகுச் சிக்கலைத் தீர்க்க முயன்றன. இருப்பில் உண்மையான டாலர் வைத்திருப்பவை ஓரளவு நிலைத்தன. கணக்கு விதியால் மட்டும் மதிப்பைப் பிடித்து நிறுத்த முயன்ற டெர்ரா 2022 மே மாதம் சரிந்தது. வெற்றி பெற்றவையும் அமெரிக்க அரசின் பணத்தில் சாய்ந்தே நிற்கின்றன என்பதால், அரசில்லாப் பணம் என்ற மூலக் கனவிலிருந்து அவை விலகியவை.

எல் சால்வடோர் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. அரசின் செயலியைத் தரவிறக்கிய பலர், ஊக்கத்தொகையான 30 டாலரைச் செலவழித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் கடைக்காரர் அதை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. மக்களின் வழக்கத்தைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க முடியாது என்பதற்கு இது சான்று. நாப்பின் கோட்பாட்டுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு.

மூன்றாவது, அரசே வெளியிடும் மின்பணம். ரிசர்வ் வங்கியின் மின்ரூபாய் சில்லறைச் சோதனை 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. ஆனால் 2016இல் வந்த யுபிஐ டீக்கடைவரை பரவிவிட்டதால், சாதாரணப் பயனருக்கு இதன் கூடுதல் பயன் எளிதில் தெரிவதில்லை. ரொக்கம் தரும் மறைவை மின்ரூபாய் எந்த அளவு தரும் என்பதே அதன் உண்மையான சோதனை.

மதிப்பீடு

தொடக்கக்கால வாதங்களை எடைபோட்டால், நம்பிக்கையாளர் ஒரு கேள்விக்குச் சரியான விடை கண்டார்கள்: நடுவில் ஆளில்லாமல் மின்காசை இருமுறை செலவழிப்பதைத் தடுக்க முடியும். அந்த விடை இன்றுவரை உடையவில்லை. ஆனால் பணத்தின் சிக்கலை அதுவொன்றாகவே கருதியது அவர்களின் குறை. விலையை அளப்பதும் கடனைத் தாங்குவதும் இடர்க்காலத்தில் தளர்வதும் பணத்தின் வேலைகளே. அவற்றுக்கு அரசோ நீதிமன்றமோ ஏதோ ஒரு பொது அமைப்போ தேவைப்படுகிறது என்பதே 1930களின் பாடம். ஐயப்பட்டவர்களுக்கும் குறை உண்டு. சில ஆண்டுகளில் இது மறைந்துவிடும் என்று கணித்தவர்கள் தவறினார்கள். பணமாகாமலே ஒரு சொத்து நீடிக்க முடியும் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

திறந்து கிடக்கும் கேள்விகள் மூன்று. அரசின் பணம் குலைந்த நாடுகளில் கிரிப்டோ மாற்றுப் பணமாக நிலைக்குமா? புதிய நாணயக் கூலி தேய்ந்து போகும்போது, வெறும் கட்டணத்தைக் கொண்டு பிட்காயின் வலைப்பின்னல் பாதுகாப்பாக இயங்குமா? மின்பணத்தில் குடிமகனுக்கு ரொக்கத்தின் மறைவை உறுதிசெய்யும் சட்டம் இந்தியாவில் வருமா? மூன்றாவது கேள்வி கிரிப்டோ வைத்திராதவருக்கும் உரியது. நாடாளுமன்றத்தில் அது முழுமையாக விவாதிக்கப்பட வேண்டும்.

இன்றைய நிலையில் புதுச்சத்திரத்தில் கூலியும் தீவனப் பாக்கியும் லாரித் தவணையும் வரியும் ரூபாயில்தான் இருக்கின்றன. கடமைகள் எந்த அலகில் எழுதப்பட்டுள்ளனவோ அதுவே அந்த ஊரின் பணம். அந்த அளவுகோலில் கிரிப்டோ ஏற்ற இறக்கம் மிகுந்த ஒரு சொத்து; பணம் அல்ல. வாங்க விரும்புபவர் அதை அறிந்து வாங்கட்டும். கடன் வாங்கி அதில் போடுவதை மட்டும் தவிர்க்கட்டும்.